மாத்திரையும் வேண்டும், சாதியைப் பற்றிய கேள்வியும் வேண்டும்

வளாகத்தில் ஒரு மாணவர் தற்கொலை செய்துகொண்டால் அடுத்த வாரம் என்னென்ன நடக்கும் என்பது நமக்கு மனப்பாடம். இரங்கல் சுற்றறிக்கை வரும். உளவியல் ஆலோசகரின் எண் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யோகா வகுப்பு அறிவிக்கப்படும். 2021இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் விடுதி அறைகளின் கூரை மின்விசிறிகளை அகற்றத் தொடங்கியது. 2023இல் கோட்டா மாவட்ட நிர்வாகம் ஸ்பிரிங் பொருத்திய மின்விசிறிகளை மாட்டச் சொன்னது. ஒரு கணத்தின் முடிவைத் தள்ளிப்போட இவை உதவும் என்றால் உதவட்டும், அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த மாணவரை அந்தக் கணத்திற்குக் கொண்டுவந்து நிறுத்தியது எது என்ற கேள்வி எந்தச் சுற்றறிக்கையிலும் இருப்பதில்லை.

இந்த இடத்தில் நம் தோழர்களிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. 'மனச்சோர்வும் நீரிழிவு போல ஒரு நோய்தான், மருத்துவரைப் பார், மாத்திரை போடு' என்கிறது ஒன்று. 'நோய் சமூகத்துக்குத்தான், மனநல மருத்துவம் என்பதே அடங்கிப்போகக் கற்றுத்தரும் ஏற்பாடு' என்கிறது மற்றொன்று. நான் இரண்டையும் நம்பியிருக்கிறேன். இன்று இரண்டும் போதாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குரலுக்கு வரலாற்றில் வலுவான சான்றுகள் உண்டு. 1851இல் அமெரிக்கத் தென்மாநில மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், எஜமானர்களிடமிருந்து தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதி, அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். விடுதலை வேட்கையே நோயின் அறிகுறியாக்கப்பட்டது. தன்பாலீர்ப்பு நோயல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் முடிவெடுக்க 1973 வரை ஆனது. அந்த முடிவுக்குப் பின்னால் ஆய்வுகளும் இருந்தன, மாநாட்டு அரங்குகளுக்குள் புகுந்து கேள்வி கேட்ட போராட்டக்காரர்களும் இருந்தார்கள். எது நோய் என்று தீர்மானிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எப்போதும் அரசியல்தான்.

முதல் குரலின் அறிவியலும் இப்போது விவாதத்தில் இருக்கிறது. மூளையில் செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற விளக்கத்துக்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் ஜோனா மான்கிரீஃப் குழுவினர் தம் மீளாய்வில் வாதிட்டனர். 'மாத்திரை எல்லாம் மோசடி' என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றியது. ஆய்வு சொன்னது அதுவல்ல. ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி, வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 522 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வுக்கான 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன என்றது. பலன் மிகப்பெரிது என்று அது சொல்லவில்லை, பலனே இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆய்வுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எனக்குத் தூக்கம் போனது. அரசு மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த மாத்திரையை எட்டு மாதம் எடுத்தேன். தூக்கம் வந்தது. தூங்கி எழுந்ததால்தான் எஸ்சி எஸ்டி பிரிவுக்குப் புகார் எழுதும் தெம்பு வந்தது. மாத்திரை என்னை அடக்கியது என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மருத்துவம் எட்டாத இடத்தில் விடுதலை தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏர்வாடியை நினைத்துப் பார்க்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்து 28 பேர் இறந்தார்கள்.

மாத்திரைக்கு அடுத்து ஆலோசனை அறை. இன்று வளாகங்களில் அதிகம் பேசப்படுவது சிபிடி எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஆரோன் பெக் வளர்த்தெடுத்த முறை இது. மனச்சோர்வில் இருப்பவரின் எண்ணங்கள் உண்மையைத் திரித்துக் காட்டும், சிகிச்சையாளரும் அவரும் சேர்ந்து அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று சோதிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. பலருக்குப் பலன் தந்த முறைதான்.

'ஆய்வகத்தில் என்னைக் கோட்டாவில் வந்தவன் என்று பேசுகிறார்கள்' என்று நான் வளாக ஆலோசகரிடம் சொன்னேன். 'உங்களைப் பற்றித்தான் பேசினார்கள் என்று எப்படித் தெரியும்? அடுத்தவர் மனதை நாமாகப் படிப்பதும் ஒரு சிந்தனைப் பிழைதான்' என்றார். பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள் என்றேன். 'இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?' என்றார். ஆறு சந்திப்புகளில் சாதி என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. ஆதாரம் கேட்கும் முறைதான் அது. ஆதாரத்தை மேசைமேல் வைத்தபோது அதைப் பார்க்க மறுத்தது அந்த முறை அல்ல, அதைக் கையாண்டவரின் சாதிக்கண். இடைநிலைச் சாதி வீட்டிலும் ஆதிக்கச் சாதி வீட்டிலும் வளர்ந்து, சாதியைப் பற்றி ஒரு பாடம்கூட இல்லாமல் பட்டம் வாங்குகிறவருக்கு, தலித் மாணவரின் துல்லியமான கவனிப்பு நோயின் அறிகுறியாகத்தானே தெரியும்?

முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ரோகித் வெமுலாவையும் அவருடைய நான்கு தோழர்களையும் ஐதராபாத் பல்கலைக்கழகம் விடுதியிலிருந்து வெளியேற்றியது. அவர்கள் வளாகத்தில் திறந்தவெளியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 'நான் விலக்கப்பட்டிருக்கிறேன்' என்று அன்று அவர்களில் ஒருவர் நினைத்திருந்தால் அதில் திருத்துவதற்கு என்ன பிழை இருந்தது? திருத்தப்பட வேண்டியது நிர்வாகத்தின் உத்தரவு.

இந்த இடத்தில் ஃபிரான்ஸ் ஃபனானிடம் போக வேண்டும். 1953இல் அல்ஜீரியாவின் பிளிதா மனநல மருத்துவமனைக்கு அவர் சென்றபோது, வட ஆப்பிரிக்கர்களின் மூளையே வளர்ச்சி குன்றியது என்று போதித்துவந்த அந்துவான் பொரோவின் சிந்தனைப் பள்ளிதான் அங்கே ஆட்சி செய்தது. ஃபனான் தன் பொறுப்பில் இருந்த ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் கொண்டாட்டம், திரைப்படம், இதழ் என்று கூட்டு வாழ்வின் வழியான சிகிச்சையைத் தொடங்கினார். பலன் கிடைத்தது. அதையே முஸ்லிம் ஆண்கள் பிரிவில் செய்தபோது தோற்றது. அந்த நோயாளிகள் ஒத்துழைக்கத் தெரியாதவர்கள் என்று அவர் எழுதிவிடவில்லை. அவர்களுடைய வாழ்வை அறியாமல் பிரெஞ்சு வாழ்வை அவர்கள்மேல் திணித்தது தங்கள் பிழை என்று 1954இல் ழாக் அசூலேயுடன் சேர்ந்து எழுதினார். பிறகு அந்தப் பிரிவில் உள்ளூர் காபிக்கடை வந்தது, கதைசொல்லி வந்தார், அவர்களுடைய பண்டிகைகள் வந்தன.

1956இல் ஃபனான் பதவி விலகினார். ஒரு மக்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கும் ஆட்சியின் கீழ் மனநலம் மீட்பது வீண் என்பது அவர் கடிதத்தின் சாரம். நம்மில் பலர் இதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் துனிசுக்குப் போய் விடுதலைப் போரில் இருந்துகொண்டே பகல்நேர மனநல மருத்துவமனை ஒன்றை நடத்தினார். மருந்தும் கொடுத்தார். நோயாளிகள் மாலையில் வீடு திரும்பினார்கள். ஆட்சியை எதிர்க்கவும் நோயாளிக்குச் சிகிச்சை தரவும் ஒருவரால் முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

நமக்கு வேண்டியதும் இதுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. அந்த உரிமை ஆலோசனை அறைக்குள் வர வேண்டுமானால் சிலவற்றை நாம் கேட்டுப் பெற வேண்டும். தூக்கம், பசி, குடும்ப நோய் வரலாறு எல்லாம் கேட்கும் ஆலோசகர், விரும்பினால் பேசலாம் என்ற உறுதியோடு சாதிப் பாகுபாட்டைப் பற்றியும் கேட்கட்டும். உளவியல் படிப்புகளில் சாதி பாடமாக இருக்கட்டும். வளாக ஆலோசகர் பணிகளில் இடஒதுக்கீடு நிரப்பப்படட்டும். நாம் அங்கே பேசுவது நிர்வாகத்தின் காதுக்குப் போகாது என்பதற்கு எழுத்துபூர்வமான உத்தரவாதம் இருக்கட்டும். பாகுபாடு என்று தெரிந்தால், மாணவரின் சம்மதத்தோடு அது எஸ்சி எஸ்டி பிரிவில் புகாராக மாறும் வழியும் இருக்கட்டும். உயர்கல்வி வளாகத் தற்கொலைகளைப் பற்றி ஆராய உச்ச நீதிமன்றம் 2025இல் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. இந்தக் கோரிக்கைகளை வைக்க இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

அதுவரை, தூக்கம் இல்லாமல் இதைப் படித்துக்கொண்டிருக்கும் தோழருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எழுதித்தந்தால் அதைப் போடுவது சமரசம் அல்ல. உங்களுக்கு நடந்ததைக் கற்பனை என்று சொல்லும் ஆலோசகரிடமிருந்து எழுந்து வாருங்கள், வேறொருவரைத் தேடுங்கள். தனியாகத் தேட முடியவில்லை என்றால் நண்பர்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம். நாளைய போராட்டத்துக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.