செகண்ட் ஹேண்ட் குதிரை

முப்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு ஒரு கப்பலுக்குப் புது வாழ்க்கை. 1971-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 'டிரென்டன்', 2007 ஜனவரி 17 அன்று வர்ஜீனியாவின் நார்ஃபோக் தளத்தில் கொடி மாறி இந்தியாவின் 'ஜலஷ்வா' ஆனது. நீர்க்குதிரை என்று பொருள். விலை சுமார் 4.8 கோடி டாலர். பழைய சீ கிங் ஹெலிகாப்டர்கள் ஆறு, தனிக் கணக்கில்.

தேவை இருந்தது உண்மை. 2004 சுனாமியின்போது இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா என்று உதவிக்கு ஓடிய இந்தியக் கடற்படையிடம் பெரும் சுமை தூக்கும் கப்பல் இல்லை. இருந்த 'மகர்' ரகக் கப்பல்கள் கரையில் மூக்கை முட்டித்தான் டாங்கியை இறக்க வேண்டும். ஜலஷ்வா கரைக்கே வர வேண்டாம். தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிப் பின்பக்கத்தைத் தாழ்த்தும். வயிற்றுக்குள் தண்ணீர் புகும். உள்ளே நிற்கும் நான்கு இறங்கு படகுகள் டாங்கிகளோடும் வீரர்களோடும் மிதந்து வெளியேறும். சுமார் ஆயிரம் வீரர்களுக்கு இடமுண்டு.

வில்லங்கம் ஒப்பந்தத்தில் இருந்தது. கப்பலின் நிலையைச் சரியாக மதிப்பிடாமலே அவசரமாக வாங்கிவிட்டதாக 2008-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் குட்டு வைத்தார். தாக்குதலுக்குப் பயன்படுத்தக் கட்டுப்பாடு உண்டு, விற்றவர் வந்து சோதனையிடலாம் என்ற நிபந்தனைகளையும் அந்த அறிக்கை அம்பலப்படுத்தியது. படையிறங்கும் கப்பலை வாங்கிவிட்டு, படையிறக்க யோசிப்பதா? பணம் கொடுத்து வாங்கியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதே ஆண்டு பிப்ரவரியில், கப்பலுக்குள் கசிந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு மாலுமிகளின் உயிரைக் குடித்தது.

ஆனால் கப்பல் பெயரெடுத்தது வேறொரு வேலையில். 2006-ல், கைமாறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, லெபனான் போரில் சிக்கிய அமெரிக்கர்களை பெய்ரூட்டிலிருந்து மீட்டது இதே டிரென்டன்தான். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் மாலத்தீவில் தவித்த 698 இந்தியர்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது ஜலஷ்வா. அதில் கர்ப்பிணிகள் 19 பேர். ஜூனில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் தூத்துக்குடிக்கு வந்தது. வேலை பறிபோய், கையில் காசில்லாமல் நின்றவர்களுக்குக் கப்பலின் வயதைப் பற்றியோ, ஒப்பந்த ஷரத்துகளைப் பற்றியோ என்ன கவலை?

இந்த ரகத்தில் நான்கு கப்பல்களை உள்நாட்டிலேயே கட்ட 2013-ல் கோரப்பட்ட டெண்டர், 2020-ல் ரத்தானது. 2021-ல் மறுபடி முதலிலிருந்து விவரம் கேட்டார்கள். அப்போது ஜலஷ்வாவுக்கு வயது 50.