மருந்தும் உடனிருப்போனும்

ஒரு மருந்து இருமுறை பிறத்தல் வைத்திய உலகில் அரிது. கெற்றமீன் அவ்வாறு பிறந்தது. முதலிற் சத்திரசிகிச்சைக் கூடத்திலே உணர்வு நீக்கும் மருந்தாய்ப் பிறந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அப்பணியையே செய்து, பின்னர் மனச்சோர்வு நோய்க்கு மருந்தாய் மறுபிறப்பெடுத்தது. இம்மறுபிறப்பைக் குறித்து ஐக்கிய அமெரிக்காவில் எழுந்துள்ள ஆரவாரம் சிறிதன்று. ஒருசாரார் இதனை அமிழ்தம் என்கின்றனர். மற்றொருசாரார், களியாட்ட விடுதிகளில் இளைஞர் உட்கொள்ளும் போதைப்பொருளன்றோ இது என்று முகஞ் சுழிக்கின்றனர். இரு சாராரும் மருந்தையே நோக்குகின்றனர். அதனைக் கொடுப்போரையும் கொடுக்கும் முறையையும் நோக்குவோர் சிலரே. வைத்தியர் அருகிருந்து கண்காணித்தல் இச்சிகிச்சைக்குப் புறத்தேயுள்ள வெறுங் காவலன்று, சிகிச்சையின் ஓர் உறுப்பே என்பதும், அதனை நீக்கி மருந்தை மாத்திரம் விற்றல் தகாது என்பதும் எமது துணிபு. எமது கல்லூரி வைத்தியத்துறைக்கு ஈந்த மைந்தர் பலராதலின், இம்மலரிலே இதனை எடுத்துரைத்தல் பொருந்தும் எனக் கருதினோம்.

மருந்தின் வரலாற்றை முதலிற் சுருங்கக் கூறுவாம். டிற்றோயிற் நகரிலிருந்த பாக் டேவிஸ் என்னும் மருந்துக் கம்பனியார் 1956 ஆம் ஆண்டளவில் பென்சைக்கிளிடீன் என்னும் பொருளை ஆக்கினர். அஃது உணர்வை நன்கு நீக்கிற்று. ஆயின் அதனைப் பெற்ற நோயாளர் விழித்தெழுங்கால் நெடுநேரம் பிதற்றலும் வெறியுங் கொண்டனர். அதனினுங் குறுகிய நேரம் நிற்கும் பொருளொன்றைத் தேடிய கல்வின் ஸ்ரீவன்ஸ் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1962 இல் கெற்றமீனை ஆக்கினார். 1964 ஓகஸ்ற் மாதத்திலே, எட்வேட் டொமினோ, குந்தர் கோர்சன் என்னும் வைத்தியர் இருவர் மிச்சிக்கன் மாநிலச் சிறையொன்றிலிருந்த கைதிகளுக்கு, அவர்தம் இசைவுடன், முதன்முதல் இதனை ஏற்றினர். (சிறைப்பட்டோன் தரும் இசைவு எத்துணைச் சுயாதீனமுடையது என்னும் வினா வேறொரு கட்டுரைக்கு உரியது.) மருந்து பெற்றோர், தாம் உடலை விட்டு வெளியில் மிதந்தது போன்றிருந்தது என்றனர். உடலும் உணர்வும் ஒன்றையொன்று பிரிந்து நிற்கும் இந்நிலைக்கு ஆங்கிலத்திலே பெயர் சூட்டியவர் டொமினோவின் மனைவியார் என்பது நினைவுகூரத் தக்கது. வைத்தியர் தடுமாறியவிடத்து இல்லத்தரசியார் சொல் கொடுத்தார்.

1970 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவிற் கொடுக்கும்போது மூச்சைப் பெரிதும் ஒடுக்காமையாலும், குருதியமுக்கத்தைத் தாழ்த்தாமையாலும், வியற்நாமின் போர்க்களத்திலும், மின்சாரமும் பொறிகளும் அரிதாயுள்ள நாட்டுப்புற வைத்தியசாலைகளிலும் இஃது உயிர்காக்குந் துணையாயிற்று. 1985 முதல் உலக சுகாதார தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எமது நாட்டுச் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கும் இது புதியதன்று.

இனி இரண்டாம் பிறப்பு. மனச்சோர்வுக்கென முன்பிருந்த மருந்துகள், 1950 களிற் கண்டறியப்பட்ட இமிப்பிரமீன் முதலாக, பயன்தரச் சில வாரங்கள் செல்லும். அவற்றுள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றை உட்கொண்டும் குணமடையாதார் மூவரில் ஒருவர் எனக் கணிப்பர். இந்நிலையில், 2000 ஆம் ஆண்டிலே யேல் பல்கலைக்கழகத்தார் ஒரு சிறு பரிசோதனையின் பேற்றை வெளியிட்டனர். பரிசோதனையை நிறைவு செய்த நோயாளர் எழுவரே. உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அரை மில்லிகிராம் வீதம், நாற்பது நிமிடத்தில், நாளத்தினூடாகக் கெற்றமீன் ஏற்றப்பட்டது. உணர்வழித்தற்கு வேண்டிய அளவினும் இது மிகக் குறைவு. சில மணித்தியாலங்களிலேயே அவர்தஞ் சோர்வு தணியத் தொடங்கி, மூன்று நாட்களில் நன்கு குறைந்தது. 2006 இல் அமெரிக்கத் தேசிய உளச்சுகாதார நிறுவனத்தார் பதினெண்மரைக் கொண்டு மீண்டும் ஆய்ந்தபோது, மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 71 வீதத்தினர் ஒரு நாளுக்குள்ளேயே பயன் கண்டனர். அப்பயன் ஒரு வாரமேனும் நிலைத்தது நூற்றுக்கு 35 வீதத்தினர்க்கே. முன்னைய எண்ணைப் பறைசாற்றுவோர் பின்னைய எண்ணை மெல்லென உரைப்பர். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தலே நேர்மை.

எனினும் அவ்வொரு நாளின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. மனச்சோர்வு நோய் இன்னதென அறியாதார் அதனைச் சோம்பல் என்பர். மனத்தைரியம் இன்மை என்பர். கோயிலுக்குப் போய் வந்தாற் சரியாய்விடும் என்பர். நோயாளரோ காலையிற் படுக்கையினின்றும் எழுவதற்கே மலையைப் பெயர்ப்பதுபோல் முயல வேண்டியவராயுள்ளனர். வருடக்கணக்கில் மூடியிருந்த இருள் ஒரு நாள் விலகி, உணவின் சுவையும் பிள்ளைகளின் பேச்சும் மீண்டும் வந்து சேருமாயின், அஃது ஒரு நாளேயாயினும் பெரும் பேறே. இந்நோய் தீரக் கூடியது என்னும் நம்பிக்கைக்கு அதுவே கால்கோள். 2023 இல் வெளிவந்த பேராய்வொன்று, முன்னைய மருந்துகளாற் பயன் பெறாத 365 பேருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சையையும் கெற்றமீனையும் தனித்தனிக் குழுவாகக் கொடுத்து ஒப்பிட்டது. கெற்றமீன் பெற்றோருள் நூற்றுக்கு 55 வீதத்தினரும், மின்னதிர்ச்சி பெற்றோருள் 41 வீதத்தினரும் பயன் கண்டனர். மதிமயக்கத்தோடு கூடிய கடுஞ்சோர்வினர் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை என்பதையும் உடன் கூறவேண்டும்.

கெற்றமீன் மூலக்கூறு இடக்கை வலக்கை போன்ற இரு வடிவங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து, மூக்கினுள் விசிறும் எஸ்கெற்றமீன் என்னும் மருந்தாக்கினர். 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதன் விலை அப்போது ஒரு முறைக்கு 590 முதல் 885 டொலர். பழைய கெற்றமீனோ உரிமைப்பத்திரம் முடிந்து மலிந்து கிடப்பது. பாதி மூலக்கூறுக்கு இத்துணை விலையா என்று வியப்போர் வியக்கட்டும். ஆயினும் அவ்வனுமதியோடு வந்த விதிகளை யாம் மனமாரப் போற்றுகின்றோம். மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புதல் ஆகாது. பதிவுபெற்ற வைத்திய நிலையத்திலேயே எடுத்தல் வேண்டும். எடுத்தபின் இரண்டு மணித்தியாலமாவது அங்கேயே கண்காணிக்கப்படல் வேண்டும். மறுநாள் நன்கு உறங்கி எழும்வரை வாகனம் ஓட்டுதல் ஆகாது. இவ்விதிகளுக்குக் காரணமுண்டு. மருந்து சென்று ஏறக்குறைய நாற்பது நிமிடத்திற் குருதியமுக்கம் உச்சத்துக்கு ஏறும். நோயாளர் தாம் எங்கிருக்கின்றோம் என்பதை மறப்பர், சிலர் அஞ்சி நடுங்குவர், சிலர் அரற்றுவர்.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளன், வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிபுரிவோனையும் சமமாக எண்ணினார். அந்நான்காங் கூற்றினன் வெறும் ஏவலாளன் அல்லன் என்பதற்கு இக்காலத்து ஆய்வொன்றும் துணைநிற்கின்றது. 2023 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார், மனச்சோர்வுடையோராய்ச் சத்திரசிகிச்சைக்கு வந்த நாற்பதின்மர் உணர்வற்றுக் கிடந்த வேளையிலே, பாதிப்பேருக்குக் கெற்றமீனும் பாதிப்பேருக்கு உப்புநீரும் ஏற்றினர். மிதக்கும் உணர்வைக் கொண்டு தாம் பெற்றது எதுவென ஊகித்தற்கு இடமில்லை. பேறு யாதெனில், இரு குழுவினருஞ் சோர்வு குறைந்தனர். குழுக்களிடையே வேறுபாடு காணப்படவில்லை. மருந்தே பொய் என்று இதனாற் சாதிக்க முற்படுதல் அவசரமாகும். ஆய்வு சிறிது, உடன் கொடுத்த ஏனைய உணர்வழி மருந்துகளும் குறுக்கிட்டிருத்தல் கூடும். ஆனால், ஒருவர் கனிவோடு வினவுதலும், கைவிடேம் எனக் காட்டுதலும், குணமாகும் என்னும் எதிர்பார்ப்பும் நோயாளரிடத்து எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை இவ்வாய்வை அறிந்தபின் எவரும் புறக்கணித்தல் இயலாது.

அவ்வாறிருக்க, நிகழ்ந்தது யாது? 2020 ஆம் ஆண்டின் தொற்றுநோய்க் காலத்தில், நேரிற் காணாமலே கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதிக்கொடுக்க அமெரிக்காவில் இடமளிக்கப்பட்டது. அவ்வாயிலினூடே கெற்றமீன் குளிசைகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பும் வாணிகம் பெருகிற்று. திரையில் வைத்தியரோடு சிறிது உரையாடினாற் போதும். 2023 ஒக்டோபரில் உணவு மருந்து நிருவாகம் இதனை எச்சரித்து அறிக்கை விடுத்தது. வீட்டிலே கெற்றமீன் உட்கொண்ட ஒருவர்க்கு அவ்வாண்டு ஏப்பிரிலில் மூச்சு ஒடுங்கியதென்றும், அவர் குருதியிலிருந்த அளவு உணர்வழித்தலின்போது காணப்படும் அளவின் இருமடங்கினது என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அதே மாதம் 28 ஆம் நாள் நடிகர் மத்தியூ பெரி கெற்றமீனின் கடும் விளைவால் இறந்தார். அவர் வைத்தியரிடம் முறைப்படி இச்சிகிச்சை பெற்றவரே. ஆயின் உயிர் கொண்ட மருந்து அச்சிகிச்சையின் வழி வந்ததன்று, மறைவில் வாங்கியது. வைத்தியர் இருவர் உட்பட ஐவர்மீது 2024 இல் வழக்குத் தொடரப்பட்டது. ஐவருங் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பணம் பெற்று மருந்தைக் கொடுத்து அப்பாற் செல்பவன் வைத்தியப் பட்டம் பெற்றவனாயினும் அந்நேரத்தில் வியாபாரியே.

நிலையங்களுக்குத் தொலைவிலுள்ளாரும், வாரம் இருமுறை வேலையை விட்டு வரமாட்டாதாரும் வீட்டிலேயே பெற்றால் என்ன என வினவுவோர் உளர். அவ்வினாவின் நியாயத்தை யாம் மறுக்கவில்லை. ஆனால் தொலைவு என்னும் குறையைத் தீர்ப்பதற்கு நிலையத்தை அண்மையிற் கொண்டுவருதல் வேண்டும். பயின்ற தாதியொருத்தி குருதியமுக்கக் கருவியோடு வீடு தேடி வருதலும் ஒரு வழி. ஆளை நீக்கிவிட்டு மருந்துப் பொதியை மாத்திரம் அனுப்புதல் அக்குறையைத் தீர்ப்பதாகாது.

நாட்பட்ட நோவின் கதை வேறு. விளம்பரக்காரர் மனச்சோர்வையும் நோவையும் ஒரே மூச்சிற் கூறுவதால் மக்கள் இரண்டுக்குஞ் சான்று ஒன்றென நினைக்கின்றனர். கையிலோ காலிலோ பட்ட சிறு காயம் ஆறியபின்னும் மாதக்கணக்கில் எரிந்து வாட்டும் ஒருவகை நோவுண்டு. அந்நோயினர் அறுபதின்மரை ஒல்லாந்திலுள்ள லெய்டன் வைத்தியர் 2009 இல் ஆய்ந்தனர். நான்கு நாளுக்கு மேல் இடையறாது கெற்றமீன் ஏற்றியதில் நோவு குறைந்தது; பன்னிரண்டாம் வாரமளவில் அந்நன்மை தேய்ந்தது; கையையுங் காலையும் இயக்கும் ஆற்றலோ கூடவில்லை. நாட்பட்ட நோவு அனைத்தையும் ஒருங்குவைத்து 2025 இல் வெளிவந்த கொக்கிறேன் மீளாய்வு, கெற்றமீனாற் பயன் உண்டென்பதற்குத் தெளிவான சான்றில்லை என்றும், தீய விளைவுகள் மிகும் என்றும் கண்டது. ஆதலின் நோவுக்காக இதனைப் பெறுவோரிடம் இஃது இன்னும் பரிசோதனை நிலையிலுள்ளது என்று வெளிப்படையாகச் சொல்லுதல் வைத்தியர் கடன். பத்தாண்டு நோவு சுமந்தவர் எதையும் நம்புவார், எவ்வளவுங் கொடுப்பார். அவரிடம் உண்மையை மறைத்தல் பெரும் பாவம்.

கண்காணிப்பு என யாம் கூறுவது அவ்விரண்டு மணித்தியாலத்தோடு முடிவதுமன்று. நெடுநாள் மிகுதியாக உட்கொள்வோரின் சிறுநீர்ப்பை புண்பட்டுச் சுருங்குதல் 2007 முதல் வைத்திய இதழ்களிற் பதிவாகியுள்ளது. மருந்தின்மேல் வேட்கை பிறத்தலும் உண்டு. எத்தனை மாதங் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை நோயாளரை அறிந்த வைத்தியர் ஒருவரே பொறுப்பேற்றுத் தீர்மானிக்க வேண்டும்.

மலிவான பழைய மருந்தைக் கொண்டே இதனைச் செய்யலாம் என்பதற்கு அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நிகழ்ந்து 2023 இல் வெளியான ஆய்வு சான்று. தோலின்கீழ் வாரம் இருமுறை ஊசியாக நான்கு வாரம், நிலையத்திலேயே கண்காணித்துக் கொடுத்தனர். நோயாளரின் தேவைக்கேற்ப அளவைக் கூட்டியபோது, கெற்றமீன் பெற்றோருள் ஐவரில் ஒருவர் முற்றாகத் தெளிந்தனர். ஒப்பீட்டு மருந்து பெற்றோருள் நூற்றுக்கு இருவரே. இவ்வூசிமருந்துக்கு உரிமை கொண்டாடும் கம்பனி இல்லை. ஆகவே பறைசாற்றுவாரும் இல்லை. இதனிடையே 2025 மே மாதத்தில் அவுஸ்திரேலிய அரசு விலைமிக்க எஸ்கெற்றமீனுக்கு உதவிப்பணம் வழங்கத் தொடங்கிற்று. அப்பணம் மருந்தின் விலையை ஏற்றது. நோயாளர் அருகே வைத்தியருந் தாதியரும் இருக்கும் மணித்தியாலங்களின் செலவை ஏற்கவில்லை. எந்த நாட்டு அரசாயினும் இச்சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கப் புகுமாயின், முதலில் ஒதுக்க வேண்டியது அம்மணித்தியாலங்களுக்கே என்போம்.