ஓய்வு யாருக்கு உரியது?

மலையின் அழகு எல்லோருக்கும் பொது என்பர். அம்மலையில் அமர்ந்து இளைப்பாறும் உரிமையும் எல்லோருக்கும் பொதுவாக உளதா என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. நுவரெலியா மாவட்டத்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் இவ்வினாவை நம் முன் நிறுத்துகிறது. கட்டுநாயக்காவிலிருந்து எழும் சிறு நீர்விமானங்கள் ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் இந்நீர்ப்பரப்பிலே வந்திறங்கியுள்ளன. கொழும்பிலிருந்து தரைவழியே ஹட்டனை அடைய நான்கைந்து மணித்தியாலம் வேண்டும். அத்தொல்லை வான்வழி வருவோர்க்கு இல்லை. சனி ஞாயிறைக் கழிக்க அவர்கள் தங்கும் இடங்களோ, முன்னர் வெள்ளைத் துரைமார் குடியிருந்த தோட்டத்துப் பங்களாக்கள். 2005ஆம் ஆண்டு முதல் அவற்றிற் சில உல்லாச விடுதிகளாக மாற்றப்பட்டன.

உல்லாசப் பயணம் குற்றம் என்று நாம் வாதிடவில்லை. உழைத்துக் களைத்தவர் இளைப்பாறுவதும், காணாத இடங்களைக் காண விழைவதும் மனித இயல்பு. விமானமும் மனித உழைப்பின் அரிய சாதனையே. அதனை வெறுப்பது முற்போக்காகாது. நம் கேள்வி வேறு. இங்கு விலைக்கு விற்கப்படும் பொருள் எது? அதனை உண்டாக்கியவர் யார்? அவருக்குக் கிடைத்த பங்கு என்ன?

விற்கப்படுவது வெறும் மலைக்காற்றன்று. காலையிற் படுக்கைக்கே வரும் தேநீர், புல்வெளியில் இடப்பட்ட நாற்காலி, குறிப்பறிந்து ஏவல் செய்யும் பணியாள், ஓசையற்ற அந்திப்பொழுது ஆகிய யாவும் சேர்ந்த துரைத்தனம் என்னும் வாழ்க்கைமுறையே இரு நாட்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. பெரட்டுக்களத்து அதட்டலும், கங்காணியின் கடன் கணக்கும், லயத்து வாழ்வும் இல்லாத துரைத்தனம் வரலாற்றில் இருந்ததில்லை. இவற்றை மறைத்துவிட்டு, பழைய தளபாடங்களையும் சுவர்ப்படங்களையும் மட்டும் பாரம்பரியம் எனப் போற்றுவது வரலாற்றைப் பொய்யாக்குவதாகும்.

தமிழ் கற்பிப்போர் இதனை உணரத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டார். அத்துடன் நில்லாது, உணவும் மரமும் புள்ளும் பறையும் தொழிலும் அடங்கிய கருப்பொருளையும் வகுத்தார். நிலம் என்பது அவருக்கு மாந்தர் உழைத்து உண்டு வாழும் இடம். உல்லாசத்துறையின் விளம்பரமோ மலையையும் மாலைப்பொழுதையும் வைத்துக்கொண்டு தொழிலை அகற்றிவிடுகிறது. அல்லது கொழுந்துக்கூடை சுமக்கும் பெண்ணைப் பச்சைச் சரிவுக்கு ஓர் அணிகலனாக்கி விடுகிறது. அவளுடைய கூலி எவ்வளவு என்பது படத்திலே தெரிவதில்லை.

அக்கூலியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1000 ரூபா நாட்கூலி என்ற கோரிக்கை, ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின்னர் 2021 மார்ச்சிலேதான் நிறைவேறியது. 2024 செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1350 ரூபாவாயிற்று. அக்கணக்கின்படி மாதத்தில் 25 நாள் வேலை செய்தாலும் கிடைப்பது 33,750 ரூபா; அக்காலத்து நாணய மாற்றில் ஏறக்குறைய 110 அமெரிக்க டொலர். மேலே சொன்ன பங்களாக்களில் ஓர் இரவின் வாடகையோ பல நூறு டொலர். ஒரு தொழிலாளி மாதக்கணக்கில் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று பெறும் கூலி, அதே மலையில் ஒருவர் ஓரிரவு உறங்குவதற்குப் போதாது. கூலியில் மேலும் சில நூறு ரூபா கூட்டப்பட்டாலும் இவ்வேறுபாடு மறையப் போவதில்லை.

வாரவிடுமுறை என்பது முதலாளிமார் மனமிரங்கி அளித்த கொடையன்று. 1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டுமணி வேலைநாள் கோரி இரத்தம் சிந்தினர். வாராந்த ஓய்வு பற்றிய சர்வதேசச் சமவாயம் 1921இல் உருவாயிற்று. ஓய்வும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் மனிதனின் உரிமைகள் என 1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது. அதே 1948ஆம் ஆண்டிலேதான் இந்நாட்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. உலகம் மனித உரிமை பேசிய வேளையில், தேயிலையால் இந்நாட்டைத் தாங்கியோர் மனிதர் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டனர்.

நாட்கூலித் தொழிலாளிக்கு ஓய்வுநாள் பெரும்பாலும் கூலியற்ற நாளாகவே இருக்கிறது. பெண்களுக்கு அதுவும் ஓய்வன்று; விறகு தேடுதல், துணி வெளுத்தல், தண்ணீர் சுமத்தல் எனக் கூலியற்ற வேலை காத்திருக்கிறது. விருந்தினர் அரைமணியில் வானத்தால் வரும் நாட்டிலே, நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்ற கதையை மலையகத்தின் எத்தோட்டத்திலும் கேட்கலாம்.

விமானம் இறங்கும் நீர்ப்பரப்பும் இயற்கை தந்த ஏரியன்று. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் அமைந்த அணையால், தேயிலை விளைந்த பள்ளத்தாக்கு நீருள் மூழ்கி உருவானது அது. அந்நீர் நாட்டுக்கு மின்சாரம் தந்தது. அம்மின்னொளி லயக் காம்பராக்களுள் நுழையப் பல்லாண்டு சென்றது. இம்மலைக்கு முதலில் வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அதன் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தபோது கேட்டவையும் காணி, வீடு, நியாயமான கூலி, சம உரிமை என்பனவே.

உல்லாசத்துறை அன்னியச் செலாவணி தருகிறது, தோட்டத்து இளைஞர்க்கு வேலை தருகிறது என்று சிலர் கூறுவர். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் இவ்வாதம் வலுப்பெற்றுள்ளது. அதனைத் தட்டிக்கழிக்க முடியாது. பங்களாவிலே வேலை பெறும் இளைஞனை நாம் இகழவுமில்லை. ஆயின் பெருந்தோட்டக் காணி யாருடையது? 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அது அரசுடைமையாயிற்று. 1992இல் நிர்வாகமே கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்களுடைய காணியிலே விடுதிக்கு இடமுண்டு, ஆனால் அக்காணியைப் பண்படுத்திய குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் அதற்கான உறுதியும் வழங்குவதிலே மட்டும் ஆயிரம் தடைகள் என்றால், அது பொருளாதாரமன்று, வர்க்க நீதி. 2025 நவம்பரில் திட்வா புயல் மலையகத்தை மண்சரிவுகளாற் சிதைத்தபோது, பாதுகாப்பான காணி உயிர்ப்பிரச்சினை என்பதும் வெளிப்பட்டது.

எனவே விடுதிகளை மூடுக என்பதன்று நம் கோரிக்கை. தோட்டக் காணியிலிருந்து உல்லாசத்துறை ஈட்டும் வருவாயில் அத்தோட்டத்து மக்களுக்குச் சட்டப்படி பங்கு வேண்டும். காணி உறுதியும், வாழத்தகுந்த மாதச்சம்பளமும், சம்பளத்துடன் கூடிய வார ஓய்வும் வேண்டும். ஆசிரியர்க்கும் இதிலே கடமையுண்டு. மலைநாட்டின் அழகு பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவரைப் பணிக்கும்போது, அம்மலையிலே உழைப்போரையும் எழுதுமாறு பணிப்போம். கொழுந்து கிள்ளும் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளைகளுடன் காசல்ரீக் கரையிலே, கூலி போயிற்றே என்ற கவலையின்றி அமர்ந்திருக்கும் நாளே இம்மலை எல்லோருக்கும் பொதுவாகும் நாள். அந்நாள் தானாக வராது; தொழிற்சங்கத்திலும் வகுப்பறையிலும் எழுத்திலும் நாம் ஒன்றுசேர்ந்து உழைத்தாலன்றி அது வராது.