லயத்துக்கும் கான் வேண்டும்

கலவரங்களுக்குப் பின் மட்டக்களப்புப் பக்கம் குடியேறிய நம் சொந்தங்களைக் கேட்டுப் பாருங்கள். வாவி நிரம்பி ஊருக்குள் வெள்ளம் ஏறினால் அங்கே முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். தண்ணீருக்கு வழி விட வேண்டும் என்பது மலையில் இருக்கும் நமக்கும் தெரியாததல்ல. தேயிலை மண் கரையக்கூடாது என்று மலை முழுக்கக் கான் வெட்டுகிறவர்கள் நாம்தானே! ஆனால் நாம் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கான் தூர்ந்து கிடக்கிறது. கூரைத் தண்ணீர் வாசலை அரித்துக்கொண்டு பணிய லயத்தின் சுவரில் போய் மோதுகிறது.

கேட்டால், "உங்கள் வாசல், நீங்களே பாருங்கள்" என்கிறார்கள். வாசல் கானை வாருவோம், ஓரத்தில் வெட்டிவேரும் நடுவோம். ஆனால் லயத்துக்கு மேலே குறுக்குக் கான் வெட்டி, மழைத் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினால்தான் கீழே மண் நிற்கும். அந்தச் சரிவோ தோட்டத்துக் காணி. அங்கே நாமாக மண்வெட்டி வைத்தால் விசாரணை!

மீரியபெத்தையில் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அவ்வளவு பெரிய சரிவைக் கான் தடுத்திருக்காது. ஆட்களை முன்பே வேறிடத்தில் குடியேற்றியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் லயத்துக் கான்களை வெட்ட வேண்டும், அந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். இதுதான் நம் கோரிக்கை. சுவரிலோ தரையிலோ புது வெடிப்புக் கண்டால் அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.