நனிசைவமும் நெய்தலும்

'வீகன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'நனிசைவம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓசை நயமுள்ள சொல்தான். ஆனால் அது ஒரு சிக்கலையும் கூடவே இழுத்து வருகிறது. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்கள் சிலரும் தனிச் சங்கம் தொடங்கியபோது, மரக்கறி உண்போரிடமிருந்து பிரிந்து செல்வதற்காகவே புதுப்பெயர் தேடினார்கள். 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை நீக்கிவிட்டார்கள். அவர்களுடைய வழக்கு ஊன் உண்பவரோடு மட்டுமல்ல. ஊனை விலக்கிவிட்டுப் பாலையும் முட்டையையும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டவரோடும்தான். நாமோ அந்தப் பிரிவை ஒரு படியேற்றமாக மாற்றிவிட்டோம். சைவத்துக்கு முன்னால் 'நனி' சேர்த்ததும், அது சைவத்தின் உச்சி போலவும், கீழே சைவரும் அதற்கும் கீழே மீன் உண்பவரும் நிற்பது போலவும் ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது.

இந்தத் தோற்றம் எவ்வளவு பொய்யானது என்பதை அறிய வடசென்னையைவிடப் பொருத்தமான இடமில்லை என்று நினைக்கிறேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் பால், தயிர், நெய், முட்டை, மீன், தேன் எதுவுமின்றிச் சமைத்தோம். சாதனை என்று சொல்லிக்கொள்ள அதில் ஏதுமில்லை. எனினும் அந்த ஏழு நாட்களின் உணவுப் பட்டியல் சில கேள்விகளை எழுப்பியது.

திங்களன்று கேழ்வரகுக் கூழ், மோருக்குப் பதில் புளித்த நீராகாரம், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல். செவ்வாயன்று மீன்குழம்புக்கென்று அரைக்கும் அதே மசாலாவில், நல்லெண்ணெயும் புளியும் தூக்கலாக, மாங்காயும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. மீன் துண்டு போல நறுக்கி மிளகாய்த்தூள் தடவி வறுத்த வாழைக்காய். புதனன்று ஆப்பமும் தேங்காய்ப்பாலும். வியாழனன்று மொச்சைக் குழம்பு. வெள்ளியன்று புளியோதரையும் சுண்டலும். சனியன்று பாரிமுனையிலும் வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வண்டிகளில் விற்கும் அத்தோவை வீட்டிலேயே கலந்து, வாழைத்தண்டு சூப்புடன் சாப்பிட்டோம். ஞாயிறன்று ஒரு கேக்.

இப்பட்டியலில் இறக்குமதிச் சரக்கு எதுவும் இல்லை. புதிதாகக் கற்க வேண்டியதும் ஏறக்குறைய எதுவுமில்லை. கூழ், ஆடி மாதத்தில் இங்குள்ள அம்மன் கோயில்கள்தோறும் ஊற்றப்படுவது. வாழைக்காய் வறுவல், புரட்டாசியில் மீனை நிறுத்திய வீடுகளின் ஏற்பாடு. மொச்சைக் குழம்பு போன்றவை ராயபுரத்துக் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியின் இடத்தை நிரப்புபவை. ஆக, விலங்குப் பொருளே சேராத உணவு இந்த மண்ணில் எப்போதும் இருந்திருக்கிறது. அதற்குத் தனிப்பெயர்தான் இல்லை. சூழலுக்கு ஏற்ப நோன்பு, பத்தியம், வறுமை என்ற மூன்றில் ஒன்றால் அதை அழைத்தார்கள்.

வாரத்தின் நடுவில், வழக்கமாக மீன் கொண்டுவரும் அம்மாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டார். "இன்னா தம்பி, கிருத்திகையா?" இல்லை என்றேன். பாலும் சேர்ப்பதில்லை என்றதும் அவருக்குக் கவலை வந்துவிட்டது. "ஒடம்பு சரியில்லியா?" விளக்கியபின் சிரித்துக்கொண்டே சொன்னார். "தடைக்காலத்துல எங்க ஊட்லயும் இதான் தம்பி. குழம்புல போட ஒன்னும் இருக்காது."

அவர் சொன்ன தடைக்காலம், மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்கும் காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். 2017க்கு முன் 45 நாட்களாக இருந்தது. காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் அந்நாட்களில், படகுத் தொழிலாளியின் வீட்டுச் சமையலும் நம் நனிசைவச் சமையலும் பொருளளவில் ஒன்றாகிவிடுகின்றன. வேறுபாடு ஒன்றுதான்: நமக்கு அது தேர்வு, அவர்களுக்கு இல்லாமை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு மீன்கூடையைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது அறமாகாது. வீட்டு வாடகை விளம்பரங்களில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று எழுதும் கையும் அந்த மூக்கும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை. அங்கே பேசுவது உயிரிரக்கம் அல்ல, சாதி. 'புலால்' என்ற சொல்லே ஊனையும் அதன் நாற்றத்தையும் ஒருசேரக் குறிப்பது. பலர் மறுப்பது அந்த நாற்றத்தை மட்டுந்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நனிசைவம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்போர் முதலில் சுட்டுவது பேக்கிங்கைத்தான். கேக்கில் முட்டைக்கு முக்கியமாக இரண்டு வேலைகள்: மாவைப் பிணைப்பது, உப்பவைப்பது. பிணைக்கும் வேலையை மசித்த வாழைப்பழம் செய்துவிடும். சமையல் சோடாவோடு ஒரு கரண்டி வினிகர் சேர்ந்தால் எழும் கரியமில வாயு மாவை உப்பவைக்கும். வெண்ணெயின் இடத்தில் எண்ணெய், பாலின் இடத்தில் தேங்காய்ப்பால். இந்த உபாயங்களைக் கண்டுபிடித்தவர்கள் உயர்தர உணவகச் சமையற்காரர்கள் அல்லர். பொருளாதாரப் பெருமந்தத்திலும் உலகப்போர்க் காலங்களிலும் முட்டையும் வெண்ணெயும் கிடைக்காத குடும்பப் பெண்கள் பிள்ளைகளுக்கு ஓர் இனிப்பு செய்துதரப் பட்ட பாடு அது. வாட்சனின் சங்கமேகூட இங்கிலாந்தில் பங்கீட்டு அட்டை நடப்பிலிருந்தபோது பிறந்ததுதான். நம் வீடுகளிலும் ஓவன் வருவதற்கு முன் குக்கருக்குள் மணலைப் பரப்பி, குண்டு போடாமல் கேக் சுட்டவர்கள் உண்டு. பேரங்காடியில் கிடைக்கும் பாதாம்பாலை மட்டும் பார்த்துவிட்டு, இது நமக்கு எட்டாதது என்று ஒதுங்க வேண்டியதில்லை.

ஏழு நாட்களிலும் உண்மையில் கடினமாக இருந்தது மீனை விடுவதன்று, பாலை விடுவதுதான். மீனில்லாத நாட்கள் எங்களுக்குப் பழக்கம். பாலில்லாத காலையோ, தயிரில்லாத முடிவோ பழக்கமில்லை. இதற்குக் காரணம் நாக்கு மட்டுமன்று. தமிழ் மனத்தில் பால் தூய்மையின் மறுபெயர். மணிமேகலையில் கைவிடப்பட்ட குழந்தையான ஆபுத்திரனை ஏழு நாட்கள் பாலூட்டிக் காப்பாற்றுவது ஒரு பசு. பின்னாளில் வேள்விக்கு நிறுத்திய பசுவை அவன் விடுவிக்கப்போய் ஊராரிடம் அடிபடுகிறான். பாலுக்கும் நன்றிக்கும் இடையிலான இந்த உறவு அழகானது. ஆனால் அது தானே வந்து மடி கொடுத்த ஒரு பசுவின் கதை. இன்று மாதவரம் பால்பண்ணையிலிருந்து விடியுமுன் கிளம்பும் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் இருப்பது செயற்கைக் கருவூட்டல், தாயிடமிருந்து பிரிக்கப்படும் கன்று, வண்டியிழுக்கவும் ஏருழவும் தேவைப்படாத காளைக்கன்று, கறவை வற்றியபின் விற்கப்படும் மாடு. மாட்டிறைச்சி உண்பவரைக் குற்றவாளியாக்கும் சமூகம், அந்த மாட்டைச் சந்தைக்கு அனுப்பியதில் தன் காப்பித் தம்ளருக்கும் பங்குண்டு என்பதைப் பேசுவதேயில்லை. மாட்டை வளர்த்துப் பிழைக்கும் சிறு விவசாயியை நான் குறை சொல்லவில்லை. அவருடைய கணக்கு அவருடைய வயிற்றோடு சேர்ந்தது. நான் சொல்வது, தன் தட்டில் இரத்தமில்லை என்று நம்பும் சைவ வீட்டைப் பற்றி.

இங்கே வள்ளலாரை நினைக்காமல் இருக்க முடியாது. இளமையில் ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்தவர். அங்கிருந்து ஒற்றியூர்க் கோயிலுக்கு வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தவர். வடிவுடையம்மன் மீது மாலை பாடியவர். கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் அவரளவுக்கு வற்புறுத்தியவர்கள் குறைவு. பாலையும் நெய்யையும் அவர் விலக்கவில்லை, ஆகவே அவரை நனிசைவர் என்று உரிமை கொண்டாட முடியாது. ஆனால் 1867ல் வடலூரில் அவர் தொடங்கியது ஓர் அடுப்பு. பசி என்று வந்தவரை இன்னார் என்று பாராமல் உண்ணவைப்பதையே சீவகாருணியத்தின் முதற்செயலாக வைத்தார். உயிரிரக்கம் பசியிலிருந்து தொடங்கவேண்டும், தீட்டிலிருந்தன்று. இன்றைய நனிசைவர் அவரிடம் கற்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

இந்த வரிசையை ஏற்றுக்கொண்டால், எண்ணூருக்குப் போகாமல் இருக்க இயலாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் பூசிய இறகுகளோடு நின்றன. மீனவர்கள் தங்கள் படகுகளில் சென்று வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து கசிந்த அமோனியா பெரியகுப்பத்து மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்தது. இவை செய்தியான நாட்கள். செய்தியாகாத நாட்களில் அனல்மின் நிலையத்துச் சாம்பற்குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து, இறாலும் நண்டும் வாழ்ந்த ஆற்றுப்படுகையை மூடிக்கொண்டிருந்தது. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்த இருளர் பெண்கள், எதைத் தடவுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

ஒரு வலை கொல்லும் மீனுக்குக் கணக்கு உண்டு. அதை உண்பவர் முகம் தெரியும். சாம்பல் கொல்லும் மீனை யாரும் உண்பதில்லை, யார் கணக்கிலும் அது சேர்வதில்லை. நான் முட்டையில்லாமல் கேக் சுட்ட ஓவன், நிலக்கரி எரித்து எடுத்த மின்சாரத்தில்தான் சூடேறியது. கறிவேப்பிலைக்குக்கூடச் சுற்றுப்புறத்தை நம்ப வேண்டிய ஊரில், தட்டை மட்டும் தூய்மைப்படுத்தி உயிர்க்கொலையிலிருந்து விலகிவிட்டதாக ஒருவர் சொல்லிக்கொள்வது போதாது.

அப்படியானால் நனிசைவமே வீண் என்று வாதிடுவோர் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. முழுத்தூய்மை கிடையாது என்பதற்காகக் குறைக்கக்கூடிய துன்பத்தைக் குறைக்காமல் விடுவது சோம்பலின் தர்க்கம். இவ்வுணவைத் தொடர்ந்து உண்பவர்கள் பி12 வைட்டமினை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவ ஆலோசனை தேவை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். எங்கள் வீட்டில் பால் பாக்கெட் மூன்றிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. அது பெரியவர்களின் காப்பிக்கு. மற்றதெல்லாம் தேங்காயிலும் கடலையிலும் எள்ளிலும் நடக்கிறது.

நான் கேட்பது இவ்வளவே. நெய்தல் நிலத்தில் நனிசைவம் பேச வருபவர் மீன்காரம்மாளின் கூடையை விட்டுவிட்டு, முதலில் தன் வீட்டுப் பால் பாத்திரத்தைப் பார்க்கட்டும். அடுத்து, கழிமுகத்தைக் காக்கக் கோரி அந்த அம்மாள் சாலையில் உட்காரும் நாளில் பக்கத்தில் உட்காரட்டும். அந்த ஆற்று மீன் வாழ வேண்டும் என்பதில் அவருக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை.