வண்டியை வாங்குமுன் பாயை விரித்துப் பாருங்கள்

சந்தை வியாபாரத்துக்கும் திருவிழா வியாபாரத்துக்கும் வாகனம் வாங்கப் புறப்படும் எம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை கிலோ ஏற்றலாம்?" என்பதாகும். அடுத்த கேள்வி, "லீசிங் மாதம் எவ்வளவு வரும்?" அந்த வாகனத்தில் எத்தனை பேர், வருடத்தில் எத்தனை இரவு படுத்தெழும்பப் போகிறார்கள் என்பதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. வன்னிப் பக்கம் வியாபாரம் செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது எனது அபிப்பிராயம்.

புளியங்குளத்தை எடுத்துக்கொள்வோம். (வவுனியா வாசகர்கள் பட்டாணிச்சூர்ப் புளியங்குளத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது நகரிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீற்றரில் ஏ9 வீதியிலுள்ள சந்தியை.) கிழக்கே நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், வடக்கே மாங்குளம், கிளிநொச்சிக்கும் இங்கிருந்து போகலாம். 2002 ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் பாதை திறக்கப்பட்டபோது, ஓமந்தையில் இராணுவச் சோதனையும் புளியங்குளத்தில் புலிகளின் சோதனையும் வரியும் இருந்தன. மாலையில் பாதை மூடப்பட்டால் சாமான்களுடன் வாகனத்திலேயே இரவைக் கழித்த வியாபாரிகள் பலர். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. சோதனைச் சாவடிகள் இன்றில்லை. ஆனால் வாகனத்தில் இரவு தங்குவது மட்டும் நிற்கவில்லை. புதூர் நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்டில் மடுத் திருவிழா என்று சுற்றுகின்ற துணி, பிளாஸ்ரிக், விளையாட்டுச் சாமான் வியாபாரிகளுக்கு வாகனம்தான் கடை, வாகனம்தான் களஞ்சியம், வாகனம்தான் வீடு.

இன்னொன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிக் குடும்பங்களில், 2009 க்குப் பின் திரும்பி வந்தும் புத்தளத்தை முற்றாக விட்டுவிடாதவர்கள் பலர். பிள்ளைகளின் பாடசாலை ஓரிடம், வாப்பாவின் வியாபாரம் வேறிடம். விடுமுறை வந்தால் மனைவி மக்களும் கூடவே வருகிறார்கள். ஆகவே இது தனி ஆணின் படுக்கை பற்றிய விடயமல்ல.

அவுஸ்திரேலியாவில் குடும்பங்கள் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒருவகைக் கூடாரப் பெட்டி இருக்கிறது. கம்பர் ட்ரெய்லர் என்பார்கள். அதில் இரண்டு சாதி. ஒன்று, பெட்டியின் பக்கத்தில் தறப்பாளை இழுத்துக் கட்டி மண்ணிலே விரிப்புப் போடுவது. இடம் தாராளம், விலை குறைவு, பாரமும் குறைவு. ஆனால் மழை பெய்தால் சேறு, கட்டி முடிக்கவும் நேரமாகும். மற்றது, பெட்டியின் மூடியே மடிந்து திறந்து தளமாக மாறுவது. இதைக் கடினத்தளம் என்கிறார்கள். காலில் மண் படாது, சில நிமிடங்களில் விரித்துவிடலாம். ஆனால் விலையும் பாரமும் கூட, தள இடமோ குறைவு. அங்கே இதை உல்லாசப் பயணத்துக்கு வாங்குகிறார்கள். எமக்கு அது பிழைப்பு. ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: மண்ணிலா, பலகையிலா?

வன்னியில் இதற்கு விடை கடினமானதல்ல. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழை. மற்றக் காலத்தில் செம்மண் புழுதி. பாம்பும் தேளும் எல்லாக் காலத்திலும். வவுனியா வடக்கில் யானையும் உண்டு. அதற்கு நெல்லும் உப்பும் மணத்தால் போதும். பிள்ளையைத் தரையில் தறப்பாளில் படுக்கவைப்பது சிக்கனமல்ல. ஆகவே தளம் வேண்டும். எந்த வாகனத்தின் தளம் என்பதுதான் பேச்சு.

பட்டா ரக வாகனத்தையே அதிகமானோர் விரும்புகிறார்கள். 2005 இல் இந்தியாவில் வெளிவந்த டாட்டா ஏஸ்தான் இங்கே டிமோ பட்டா என்று பெயர்பெற்றது. அதன் முதல் மாதிரி 750 கிலோ ஏற்றுவதற்குச் செய்யப்பட்டது. பின்தட்டு ஏழடிக்குச் சற்றுக் கூடிய நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். இருவர் நிம்மதியாகப் படுக்கலாம். ஒரு பிள்ளை சேர்ந்தால் நெருக்கம். இரண்டு பிள்ளைகள் என்றால் ஒருவர் வெளியே. பாரத்தையும் பாருங்கள். கூரைச் சட்டகமும் பலகையும் 100 கிலோ, தண்ணீர் 60 லீற்றர் என்றால் 60 கிலோ, ஆட்கள் மூவர் 180 கிலோ என்று கொள்வோம். சாமானுக்கு மிஞ்சுவது 410 கிலோ. 750 கிலோவுக்கும் சாமான் ஏற்றிவிட்டு அதன் மேல் குடும்பத்தையும் ஏற்றினால் பிரேக்கும் வில்லும் எத்தனை நாள் தாங்கும்?

இதிலே வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பட்டாவின் முன்னாசனத்தில் சாரதியுடன் இன்னொருவர்தான் இருக்கலாம். மனைவியையும் பிள்ளைகளையும் பின்தட்டில் சாமான் மூட்டைகளுக்கு மேல் ஏற்றி ஏ9 இல் ஓடுவது எம்மவரிடையே சாதாரணமாகிவிட்டது. "அல்லாஹ் காப்பாற்றுவான்" என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது எந்த வகை? நிறுத்திய வண்டியில் படுப்பது வேறு, ஓடும் வண்டியில் பின்னால் இருப்பது வேறு. பட்டாதான் உங்கள் சக்திக்கு ஏற்றது என்றால் குடும்பத்தை பஸ்ஸில் அனுப்பிச் சந்தியில் சந்தியுங்கள். பஸ் காசு பெரிதல்ல.

குடும்பம் வருடத்தில் பல தடவை கூடவே வருமென்றால், என் கருத்தில் டவுன்ஏஸ் போன்ற பழைய வேனே மேல். ஆசனங்களில் ஒரு வரிசையை விட்டு மற்றதைக் கழற்றி, அந்த இடத்தில் பலகைத் தளம் போடலாம். கதவு பூட்டலாம், பெண்களுக்கு மறைவு இருக்கும். தறப்பாள் கட்டிய தட்டில் இந்த மறைவு கிடைப்பதில்லை. திருவிழாக் கூட்டத்தில் உடுப்பு மாற்றவும் தொழவும் பெண்கள் படும் சிரமத்தை வாகனம் வாங்கும் ஆண்கள் எண்ணிப் பார்ப்பதேயில்லை. வாங்குமுன் வீட்டிலே கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஆசனங்களையோ உடலமைப்பையோ மாற்றுவதென்றால் பதிவிலுள்ள விபரத்துக்கு முரணாகாதவாறு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். விபத்தொன்று நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

லான்ட்மாஸ்டரும் பெட்டியும் நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமங்களுக்குள் சுற்றுபவருக்குப் போதும். விலை குறைவு, வயலுக்கும் உதவும். ஆனால் பெட்டிக்குப் பெரும்பாலும் வில் இல்லை, முட்டையும் கண்ணாடிப் பொருளும் உடையும். இரவில் விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாத பெட்டியை ஏ9 இல் இழுப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். கன்டர் லொறி பற்றி ஒரே சொல்: மொத்த வியாபாரிக்குச் சரி, மற்றவருக்கு அது ஊரார் பார்க்க வாங்கும் வாகனம்.

தளத்தைப் பற்றி. வெறும் இரும்புத் தகடு பகலில் கொதிக்கும், மாரியில் குளிரேறி வியர்க்கும். அதன்மேல் சட்டம் அடித்து, காற்றோட இடைவெளி விட்டு, மரைன் பிளைவுட் போடுங்கள். பின்கதவை இறக்கி நீளத்தைக் கூட்டுபவர்கள் அதைச் சங்கிலியில் மட்டும் தொங்கவிடக் கூடாது. அது ஆள் பாரத்துக்குச் செய்ததல்ல. இரண்டு மடக்குக் கால்கள் எந்த ஒட்டுப் பட்டறையிலும் செய்துதருவார்கள்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது? "லீசிங் வாடகைதானே, வட்டியா?" என்று கேட்பவர்கள் ஒப்பந்தத்தை வாசிப்பதில்லை. தவணை தவறினால் என்ன சேர்கிறது, வாகனம் அழிந்தால் நட்டம் யாருக்கு என்ற இரண்டையும் வாசித்தாலே வித்தியாசம் விளங்கும். 2011 இல் ஆரம்பித்த அமானா வங்கி போன்றவை இஜாரா முறையில் கொடுக்கின்றன. அங்கும் வாசித்துவிட்டே ஒப்பமிடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்கள் விலையேறி, தகுதிக்கு மீறிய தவணையில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். மூன்று திருவிழாவின் இலாபத்தால் ஒரு வருடத் தவணையைக் கட்ட முடியாதென்றால் சிறியதை வாங்குங்கள்.

பழைய வாகனம் பார்க்கப் போகும்போது ஒரு பாயையும் டோர்ச் ஒன்றையும் கொண்டுபோங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். தட்டிலே பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். பிறகு கீழே குனிந்து தளத்தின் அடிப்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். கருவாடோ உப்போ ஏற்றிய வண்டி என்றால் மேலே புதுப் பெயின்ற் மினுங்கும், அடியில் குறுக்குச் சட்டங்கள் துருப்பிடித்து உதிரும். ஸ்குரூட்ரைவர் முனையால் குத்தினால் உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டு அதன்பின் விலை பேசுங்கள்.