பெட்டி பிரிக்காத பொம்மைகளும் கல்லமேட்டு எலும்புகளும்

அறிவியல் புனைவு வாசகனின் அலமாரியில் புத்தகங்களுக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் உருவங்களைக் கண்டு நம் இலக்கியப் பெருமக்கள் முறுவலிப்பது நெடுநாள் வழக்கம். நாற்பது வயதில் டைனோசர் பொம்மை வாங்குகிறவனுக்கு இலக்கியம் எதற்கு என்பது அவர்களது கேள்வி. அதற்குச் சுருக்கமாக விடையிறுத்துவிட்டு, அதைவிடக் கடுமையான ஒரு கேள்வியை எங்கள் கூட்டத்தாரிடமே கேட்க விரும்புகிறோம். ஆக, வழக்குகள் இரண்டு. முதல் வழக்கில் நாங்கள் பிரதிவாதிகள், இரண்டாவதில் வாதிகள்.

முதல் வழக்கை எளிதில் முடித்துவிடலாம். பொம்மை சேர்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்கிறவர் யாராயினும், புரட்டாசியில் நவராத்திரிக் கொலு வைத்திருக்கும் வீட்டுக்கு ஒருமுறை போய் வரட்டும். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த உருவங்களைப் பழைய வேட்டித்துணியில் சுற்றிப் பரணில் பாதுகாத்து, ஆண்டுக்கொருமுறை இறக்கி, முறைப்படி அடுக்கி, ஊராரை அழைத்துக் காட்டிச் சுண்டல் கொடுக்கும் சமூகம் நம்முடையது. ஓரறிவு உயிருக்கு முதற்படி, சங்குக்கும் நத்தைக்கும் இரண்டாம் படி, விலங்குக்கும் பறவைக்கும் ஐந்தாம் படி, மனிதனுக்கு அதற்கு மேல் என்று படிகளுக்கு விளக்கம் சொல்லும் மரபும் உண்டு. உலகத்தை உருவங்களாக்கி வரிசைப்படுத்திப் பார்க்கும் ஆசை எங்களுக்கு ஹாலிவுட்டிலிருந்து வந்ததன்று.

மேலும், உருவம் செய்து பார்ப்பது அறிதலின் ஒரு வழி. ரிச்சர்ட் ஓவன் 'டைனோசர்' என்ற வகைப் பெயரைச் சூட்டியது 1842-இல். அச்சொல்லைப் பொதுமக்களின் சொத்தாக்கியதில் அவரது கட்டுரையைவிடப் பெரும்பங்கு, பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-இல் நிறுத்திய முழு அளவு உருவங்களுக்கு உண்டு. அவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. இகுவானோடானின் கட்டைவிரல் முள்ளை மூக்கின்மேல் கொம்பாக வைத்துவிட்டார்கள். 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகே கொம்பு கைக்கு இறங்கியது. பிழையான உருவமும் ஒரு கேள்வியை உயிரோடு வைத்திருக்கும். உருவமே இல்லையென்றால் கேட்பதற்கும் ஆளில்லை. முதல் வழக்கு இத்துடன் தள்ளுபடி.

இனி எங்கள் அன்பர்களிடம் வருவோம்.

1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானபோது பொம்மை உரிமையின் மதிப்பைத் திரைப்பட நிறுவனம் உணரவில்லை. ஜார்ஜ் லூகாஸ் உணர்ந்து தம்மிடம் வைத்துக்கொண்டார். கென்னர் நிறுவனத்தால் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைத் தயாரிக்க முடியாமற் போகவே, பின்னால் பொம்மை வரும் என்ற சீட்டோடு ஓர் அட்டைப் பொதியை விற்றார்கள். உள்ளே பொம்மை இல்லாத பொதியைப் பெற்றோர் காசு கொடுத்து வாங்கினார்கள். பொம்மைகள் 1978-இல் வந்து சேர்ந்தன. அந்தக் காலிப் பொதி இன்று சேகரிப்பாளர்களின் அரும்பொருள். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால்தான் விலை, பிரித்து விளையாடிவிட்டால் அது பழைய சாமான் என்ற நியதி இந்த மரபில் வந்ததே. கொலுப் பொம்மையைத் துணியிலிருந்து பிரிப்பது திருவிழா. இங்கோ பிரிப்பது நட்டம்.

'ஜுராசிக் பார்க்' 1993-இல் வந்தது. 2025-இன் 'ஜுராசிக் வேர்ல்ட்: ரீபர்த்' வரை ஏழு படங்கள். பொம்மை உரிமை 2018 முதல் மேட்டல் வசம். இவ்வரிசையில் ஒரு மாற்றத்தை அன்பர்கள் கவனித்தார்களா என்று தெரியவில்லை. முதற்படத்தின் விலங்குகள் பெரும்பாலும் பூமியில் வாழ்ந்தவை. 2015-இல் இண்டோமினஸ், 2018-இல் இந்தோராப்டர் எனப் படத்துக்கென்றே கலந்து உருவாக்கிய கற்பனை விலங்குகள் தலைமைப் பாத்திரம் ஏற்றன. காரணம் கலை மட்டுமா? டைரனோசாரஸுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. யார் வேண்டுமானாலும் வார்த்து விற்கலாம். இண்டோமினஸ் நிறுவனத்தின் சொத்து. வாழ்ந்த உயிரைவிட வாழாத உயிர் வணிகத்துக்குப் பாதுகாப்பானது என்பதே எங்கள் வாசிப்பு. இந்தோராப்டரின் பெயரில் 'இந்தோ' இருப்பதால் நம் நாட்டோடு தொடர்பு இருக்குமென்று எண்ண வேண்டாம். அது இண்டோமினஸிலிருந்து கிள்ளியெடுத்த துண்டு.

நம் நாட்டோடு தொடர்புடைய விலங்கும் அந்த வரிசைக்கு வந்தது, நம்மவர்கள்தாம் கவனிக்கவில்லை. 2025 படத்தில் நீள்வால் சுழற்றி நிற்கும் டைட்டனோசாரஸ் என்னும் பெயர், ஜபல்பூரில் கிடைத்த எலும்புகளுக்காக ரிச்சர்ட் லைடெக்கர் 1877-இல் வைத்தது. அங்கே முதல் எலும்புகளை எடுத்தவர், தக்கர்களை ஒடுக்கியதற்காகப் பாடநூல்களில் இடம்பெறும் ஸ்லீமன், ஆண்டு 1828. பிறகு எங்கோ தொலைந்துபோன வாலெலும்பு ஒன்று, 2012-இல் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சேகரிப்பிலேயே மீண்டும் அடையாளம் காணப்பட்டது. இவ்வளவு கதையுள்ள பெயரைத் திரையில் கேட்டும், பொம்மை எப்போது கடைக்கு வரும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கத் தோன்றாத இரசனையை என்னவென்பது?

ஜபல்பூர் தொலைவு என்பீர்கள். அரியலூர் தொலைவில்லையே.

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் இன்று சிமெண்ட் ஆலையாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாலும் அறியப்படும் ஊர். அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் கிளிஞ்சல் தெரியும். கிரிட்டேசியஸ் காலத்தில் அப்பகுதி கடலடி. சிப்பிகள் தலைமுறை தலைமுறையாக மடிந்து படிந்த படுகையே சுண்ணாம்புக்கல் ஆயிற்று. நம் வீட்டுச் சுவர்களில் பலவற்றை அந்தச் சிப்பிகள்தாம் தாங்கி நிற்கின்றன. சிமெண்ட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எதை அரைக்கிறோம் என்று அறிந்து அரைக்க வேண்டும் என்கிறோம். 1840-ஐ ஒட்டி ஆங்கிலேயர் இங்கே கிளிஞ்சல் பொறுக்கத் தொடங்கினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். பிளான்ஃபோர்ட் 1862-இல் நிலவியல் அறிக்கை எழுதினார். உலகம் நூற்றெண்பது ஆண்டுகளாக அறிந்த கடல் இது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் 2020-இல் குளம் வெட்டியபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று ஊரெங்கும் பரப்பி, அவை அம்மோனைட்டோடு தொடர்புடைய படிவங்கள் என்று புவியியலாளர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மோனைட்டைச் சாளக்கிராமம் என்று பூசையறையில் வைத்திருக்கும் மக்களுக்குத் தம் ஊர் அம்மோனைட்டை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

அரியலூர்ப் பகுதியின் கல்லமேடு கடற்படிவம் அன்று. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் படிந்த மணற்பாறை. அங்கே கிடைத்த பேரெலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் விவரித்து, புருகத்காயோசாரஸ் மாட்லேயி எனப் பெயரிட்டார்கள். 'பெருத்த உடற்பல்லி' என்பது பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள ஒற்றை எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். பெரிதினும் பெரிது என்று கொண்டாடப்படும் அர்ஜென்டினோசாரஸின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி எலும்பு ஒன்று ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும். முதலில் ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி எனத் திருத்தப்பட்டது. அதன் எடை நூறு டன்னுக்கு மேல் என்று மதிப்பிட்டு நீலத் திமிங்கிலத்தோடு ஒப்பிட்டவர்களும் உண்டு.

அந்த எலும்புகள் இன்று எங்கே? எங்கும் இல்லை. ஆய்வகம் வந்து சேரும் முன்பே அவை உதிர்ந்துபோயின. எஞ்சியவை கோட்டோவியங்களும், 2022-இல் பாலும் அய்யாசாமியும் 'காவிரியின் தொலைந்த பேருயிர்' என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய கட்டுரையோடு வெளிவந்த ஒளிப்படங்களும்தாம்.

எங்கள் வாதத்தின் ஆணிவேர் இங்கே இருக்கிறது. டைரனோசாரஸுக்கு அருங்காட்சியகத்தில் எலும்பு உண்டு. பொம்மை அதற்கு உபரி. கல்லமேட்டு விலங்குக்கோ எலும்பே கிடையாது. இனி அதற்கு உடல் என்று ஒன்று வாய்க்குமானால் அது மாதிரி உருவமாகத்தான் வாய்க்கும். ஒருநாளும் வாழாத இந்தோராப்டருக்குப் பத்து வகை உடல் செய்து பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் நாம், நம் மண்ணில் நடந்து திரிந்த ஓர் உயிருக்கு ஒரு பிடி களிமண்ணையும் தரவில்லை. எங்கள் கண்ணில் பட்ட கடைகளில் புருகத்காயோசாரஸ் பொம்மை ஒன்றுகூட இல்லை.

மறுப்புகளை அறிவோம். முதலாவது, சான்று ஐயத்துக்குரியது என்பது. மெய்தான். அது எலும்பே அன்று, கல்லாகிப்போன மரம் என்று ஐயுற்றவர்களும் இருக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்த, சுமார் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடப்பதை நினைத்தால் அந்த ஐயம் நகைப்புக்குரியதும் அன்று. அதே அரியலூர்ப் படிவங்களிலிருந்து 1979-இல் பெயர் பெற்ற திராவிடோசாரஸும் இப்படித்தான். முதுகில் தட்டுகள் கொண்ட ஸ்டெகோசார் என ஒரு சாராரும், கடல் ஊர்வன என மறு சாராரும் இன்றளவும் வாதிடுகிறார்கள். எலும்பா மரமா, நிலமா நீரா என்று அறிஞர்கள் வழக்காடும் பொருளைக் காட்டிலும் அறிவியல் புனைவுக்கு உகந்த கரு வேறெது? ஐயத்தைக் கண்டு அஞ்சுகிறவர் இந்த இலக்கிய வகைக்குள் ஏன் வந்தார்?

இரண்டாவது, இங்கே செய்ய ஆளில்லை, வாங்க ஆளில்லை என்பது. தஞ்சையின் தலையாட்டிப் பொம்மையும் பண்ணுருட்டியின் கொலுப் பொம்மையும் யார் கையில் உருவாகின்றன? எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாக 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூலுக்கு ராணிப்பேட்டையிலேயே தொழிற்சாலை உண்டு. அது வெளியிட்ட ஜி.ஐ. ஜோ உருவங்களை அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். கை இருக்கிறது, காசும் இருக்கிறது. ஏழு கோடி ஆண்டுப் பழைய விலங்குக்கு உரிமத்தொகை கேட்டு எந்த ஸ்டுடியோவும் வரப்போவதில்லை. இல்லாதது கேட்பவன் மட்டுமே. சுஜாதாவின் ஜீனோவை நினைத்துப் பாருங்கள். 'என் இனிய இயந்திரா' வந்த நாளிலிருந்து தமிழ் வாசகன் அந்த இயந்திர நாய்க்குட்டியை நேசிக்கிறான். வேறு மொழியில் பிறந்திருந்தால் அது குழந்தைகளின் தலையணையோரம் கிடந்திருக்கும். நாம் நேசித்தோமே தவிர, கேட்கவில்லை.

மூன்றாவது, இது பழம்பெருமைப் பேச்சு என்பது. இந்தக் குற்றச்சாட்டை மட்டும் நாங்கள் ஏற்கவியலாது. அந்த விலங்கு நடந்தபோது தமிழும் இல்லை, தமிழனும் இல்லை, மனிதனே இல்லை. இந்தியா எனப் பின்னாளில் பெயர்பெறும் நிலம் ஆசியாவோடு சேராமல் கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. கல்லையும் மண்ணையும் முந்திய குடி என்று மார்தட்டுவோர் இங்கே வந்து கல்லின் வயதைப் படிப்பது நல்லது. பெருமை வடிந்து அடக்கம் வரும். நாங்கள் வேண்டுவது உரிமைக் கொண்டாட்டத்தை அன்று, கவனத்தை. 1987-இல் பெயர் பெற்ற எலும்பைக் காக்க முடியாமற்போனதற்குக் களத்தில் நின்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு சமூகம் எதன்மேல் ஆசைப்படுகிறதோ அதற்குத்தான் பணமும் கட்டடமும் ஆட்களும் ஒதுக்கும். ஆசையைச் சிறுவயதில் ஊட்டுவது பொம்மை. வாரணவாசியில் இன்று தொல்லுயிர் எச்ச அருங்காட்சியகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பிளாஸ்டிக் டைரனோசாரஸ் வாங்கும் எங்கள் அன்பர்களில் எத்தனை பேர் அதன் படியேறியிருக்கிறார்கள்?

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் எளியவை. எழுதுகிறவர்கள், செவ்வாய்க்கும் சிலிக்கான் பள்ளத்தாக்குக்கும் போகும் வழியில் ஒருமுறை ரெட்டிபாளையத்தில் இறங்கிச் சுரங்க விளிம்பில் நின்று பார்க்கட்டும். கதைக்களம் அங்கே திறந்து கிடக்கிறது. சேகரிக்கிறவர்கள், பெட்டி பிரிக்காத ஒரு பொம்மையின் விலையை ஒரு மண்பாண்டக் கலைஞரிடம் கொடுத்து, கல்லமேட்டு விலங்கை வனையச் சொல்லட்டும். நாற்பதில் ஒரு பங்கு அளவில் செய்தால் அந்த இரண்டு மீட்டர் எலும்பு ஐந்து சென்டிமீட்டர் வரும்; குழந்தையின் விரல் நீளம்.

வரும் நவராத்திரிக்கு முதற்படியில் சாத்தனூர்க் கல்மரம், இரண்டாம் படியில் அரியலூர்ச் சிப்பி, ஐந்தாம் படியில் புருகத்காயோசாரஸ். சுண்டலுக்கு வருகிற பிள்ளை அது என்ன என்று கேட்கும். பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.